டிஸ்க்கை மாற்றியும் அதே இடத்தில் பழுது வந்தால் எங்கே தேடுவது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய டெஸ்க்டாப் கேபினட் ஒன்றை வீட்டு சர்வராக மாற்றி, அதில் 4 டிபி டிஸ்க் நான்கைப் போட்டு, லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 5-இல் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறை) ஓட்டி வருகிறீர்கள். மூன்றாவது டிஸ்க் மட்டும் அடிக்கடி ரெய்டிலிருந்து வெளியேற்றப்படுகிறது. திரும்பச் சேர்த்தால் ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளைப் படித்து இதில் தரவைத் திரும்ப எழுதுவது) ஒழுங்காக முடிகிறது, சில நாள் கழித்து மறுபடியும் வெளியே போய்விடுகிறது. வாரன்டியில் மாற்றி வாங்கிய டிஸ்க்கும் அதே இடத்தில் அப்படியே போயிருக்கிறது. டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கை மட்டும் எப்போது பார்த்தாலும் 'பாஸ்டு' என்கிறது. எந்தக் கம்பெனி டிஸ்க் வாங்கினால் நிலைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பழுது டிஸ்க்கில் இருக்கிறதா, அது பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் இருக்கிறதா? இது தெரியாமல் இன்னொரு புது டிஸ்க் வாங்க வேண்டாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. ஒரு டிஸ்க் வெளியே போன ரெய்டு 5-க்கு வேறு பாதுகாப்பு எதுவும் கிடையாது. மீதி மூன்றில் இன்னொன்று போனால் எல்லாம் போகும். குடும்பப் படங்கள், நிலப் பத்திரங்களின் ஸ்கேன், அலுவலகக் கோப்புகள் என்று திரும்பக் கிடைக்காதவற்றை மட்டுமாவது ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் இன்றே நகலெடுத்துவிடுங்கள். ரெய்டு என்பது பேக்கப் ஆகாது என்பதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வெறும் பேச்சல்ல. இன்னொன்று, டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து ரீபில்ட் ஓட்டுவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். ஒவ்வொரு ரீபில்டும் மற்ற மூன்று டிஸ்க்குகளையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்க வைக்கிறது. உங்கள் அமைப்பில் அது 12 டிபி. வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில் 100 லட்சம் கோடி பிட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் அது 12.5 டிபி வருகிறது. அந்த எண் பிழைக்கு வைத்த உச்சவரம்புதான், நடைமுறையில் நல்ல டிஸ்க்குகள் அதைவிட எவ்வளவோ மேலாக ஓடுகின்றன. ஆனாலும் காரணம் தெரியாமல் அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது வீண் ஆபத்து.

சேமிப்பகங்களைப் பராமரிப்பதுதான் பல வருடமாக என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இரண்டு வேறு டிஸ்க்குகள் ஒரே இடத்தில் ஒரே விதமாக விழுந்தால், முதல் சந்தேகம் டிஸ்க்கின் மேல் போகக் கூடாது. டேட்டா கேபிள், மதர்போர்டின் அந்த போர்ட், பவர் கேபிள், இவை மூன்றும் இரண்டு டிஸ்க்குகளுக்கும் பொதுவாக இருந்தவை. ரீபில்ட் முழுதாக முடிகிறது என்று நீங்கள் சொன்னதும் இதையே காட்டுகிறது. 4 டிபி முழுவதையும் பிழையின்றி எழுதி முடித்த டிஸ்க்கின் தகடுகள் (உள்ளே தரவு பதியும் பரப்பு) மோசமாக இருக்க வாய்ப்பு குறைவு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒரு டிஸ்க்கில் ஓர் இடம் படிக்க வரவில்லை என்பதற்காக லினக்ஸ் ரெய்டு அதை உடனே வெளியேற்றாது. மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு எடுத்து, அதே இடத்தில் திரும்ப எழுதிப் பார்க்கும். அந்த எழுத்தும் தோற்றால்தான், அல்லது டிஸ்க்கே காணாமல் போனால்தான், வெளியேற்றும். ஆகவே உங்கள் டிஸ்க் வெளியேறும் அந்த நொடியில் அது எழுத மறுத்திருக்கிறது, இல்லையென்றால் கணினியின் பார்வையிலிருந்தே மறைந்திருக்கிறது. இரண்டில் எது என்பதைக் கண்டுபிடிக்க ஸ்மார்ட் எண்களும் கெர்னல் லாகும் (லினக்ஸின் மையப்பகுதி எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பு) போதும்.

ஸ்மார்ட் அறிக்கையில் மேலே வரும் 'பாஸ்டு' என்ற சொல்லைப் பொருட்படுத்தாதீர்கள். தயாரிப்பாளர் வைத்த எல்லையை ஏதாவது ஓர் எண் தாண்டினால்தான் அது மாறும், அந்த எல்லை மிகத் தாராளமானது. கீழே உள்ள பட்டியலில் கடைசி நெடுவரிசையில் வரும் மூல எண்களைப் பாருங்கள். வரியின் தொடக்கத்தில் வரும் அடையாள எண்களில் 5 என்பது மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்கள் (தகட்டின் சிறு தரவுப் பகுதிகள்). 197 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198 என்பது சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் தகட்டைப் பற்றிப் பேசுபவை. 199 வேறு சங்கதி. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போன தரவில் சிஆர்சி சரிபார்ப்பு எத்தனை முறை தவறியது என்பதை அது எண்ணுகிறது. கடிதத்தை ஒழுங்காகத்தான் எழுதினார்கள், வரும் வழியில் நனைந்துவிட்டது என்பது போல. 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் கேபிளையோ இணைப்பு முனைகளையோ போர்ட்டையோதான் பார்க்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 199 ஒருமுறை ஏறினால் இறங்காது. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும். எனவே இன்றைய எண்ணைக் குறித்து வைத்து, அது கூடுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. சீகேட் டிஸ்க் வைத்திருந்தால் 1, 7 ஆகிய இரண்டின் மூல எண்கள் கோடிக்கணக்கில் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம்; அந்த எண்களை அவர்கள் அமைத்திருக்கும் விதமே அப்படி.

அடுத்து, ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை அந்த டிஸ்க்கில் ஓட்டுங்கள். 4 டிபி டிஸ்க்குக்கு ஓர் இரவு முழுக்கப் பிடிக்கும். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த விஷயம், இது முழுக்க டிஸ்க்கின் உள்ளேயே நடக்கிறது என்பதுதான். தகட்டின் ஒவ்வொரு மூலையையும் டிஸ்க் தானே படித்துப் பார்க்கிறது. படித்தது கேபிள் வழியாக வெளியே வருவதில்லை. அதனால் நீண்ட சோதனை பிழையின்றி முடிந்து, அதே டிஸ்க் ரெய்டில் மட்டும் விழுந்தால், தகடு பெரும்பாலும் குற்றவாளி அல்ல. 'படிப்பதில் பிழை' என்று ஒரு செக்டர் எண்ணைக் காட்டி நின்றுவிட்டால் டிஸ்க் பழுது என்று முடிவெடுக்கலாம், வாரன்டிக்காரர்களும் அதை ஏற்பார்கள். மூன்றாவது ஒரு முடிவும் வரலாம்: சோதனை நடுவில் ரீசெட்டால் தடைப்பட்டது என்று வருவது. அப்போது பவரைச் சந்தேகியுங்கள்.

கெர்னல் லாகில் டிஸ்க் விழுந்த நேரத்துக்குப் போய், அதற்கு முந்தைய இரண்டு நிமிட வரிகளைப் பாருங்கள். கடைசி வரி எப்போதும் ரெய்டு டிஸ்க்கைத் தள்ளிவிட்டது என்றுதான் இருக்கும், அதில் செய்தி எதுவும் இல்லை. முதலில் என்ன வந்தது என்பதே முக்கியம். 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்' என்று திரும்பத் திரும்ப வந்து, லிங்க் வேகம் 6 ஜிகாபிட்டிலிருந்து 3-க்கும் பிறகு 1.5-க்கும் இறங்கியிருந்தால், சிக்னல் சரியாக வராமல் கணினி வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கப் பார்த்திருக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக 'அன்ரெக்கவர்டு ரீட் எரர்' என்று செக்டர் எண்ணோடு வந்திருந்தால் தகட்டின் பக்கம் திரும்புங்கள்.

இதற்குப் பிறகும் தெளிவாகவில்லை என்றால் இடமாற்றச் சோதனை இருக்கிறது. சர்வரை முறையாக அணைத்து, பவரைப் பிடுங்கிவிட்டு, இரண்டாவது டிஸ்க்கையும் மூன்றாவது டிஸ்க்கையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். கேபிள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், டிஸ்க்குகள் மட்டும் மாறட்டும். ஒரே நேரத்தில் கேபிளையும் மாற்றி, போர்ட்டையும் மாற்றி, கேபினட்டையும் துடைத்து வைத்தால் பிரச்சினை போய்விடலாம்; ஆனால் எதனால் போனது என்று தெரியாது, ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். லினக்ஸ் மென்பொருள் ரெய்டிலும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையிலும் இப்படி மாற்றுவதால் பாதகமில்லை, ஏனென்றால் எந்த டிஸ்க் எந்தப் பங்கு என்ற விவரம் அந்தந்த டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ரெய்டு கார்டு வழியாக இயங்கும் அமைப்புகளிலும், கடையில் ஆயத்தமாக வாங்கும் பெட்டிகள் சிலவற்றிலும் இதையே கண்ணை மூடிக்கொண்டு செய்யச் சொல்ல மாட்டேன். அவற்றின் கையேட்டைப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் அது இருந்த இடத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை, அவற்றை நம்பி நல்ல டிஸ்க்கை உருவிப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இடம் மாற்றியதும் ரெய்டில் சேர்த்து, ஒரு ரீபில்ட் ஓட்டிவிட்டுக் காத்திருங்கள். இந்த ஒரு ரீபில்ட் ஒரு கேள்விக்கு விடை தேடி ஓட்டுவது, அதனால் தகும். பழுது மூன்றாவது இடத்திலேயே தங்கி, அங்கே புதிதாக வந்த நல்ல டிஸ்க்கை விழவைத்தால் இடம்தான் குற்றவாளி. டிஸ்க்கோடு கூடவே இரண்டாவது இடத்துக்குப் போனால் டிஸ்க் குற்றவாளி. இந்தச் சோதனையில் ஆபத்து ஒன்று உண்டு: ரீபில்ட் முடிந்து நான்கும் ரெய்டில் முழுதாகும் முன் நல்ல டிஸ்க் ஒன்று விழுந்தால் எல்லாம் போகும். பேக்கப்பை முதலில் வற்புறுத்தியதற்கு இதுவும் காரணம்.

இப்போது பவர். வீட்டு சர்வர்களில் அதிகம் கவனிக்கப்படாதது இதுதான் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். பழைய கேபினட் என்றீர்கள். அதன் பவர் சப்ளையில் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா பவர் முனைகள் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். மீதிக்கு, ஒரு முனையைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சாட்டா பவர் முனையில் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் 3 பின்கள், பின் ஒன்றுக்கு 1.5 ஆம்பியர், ஆக 12 வோல்ட்டுக்கு மொத்தம் 4.5 ஆம்பியர்தான் கணக்கு. 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு முனையிலிருந்து நான்கு டிஸ்க்குக்குப் பிரித்தால் தொடக்கத்தில் 8 ஆம்பியர். ஓடத் தொடங்கியபின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும், அதனால்தான் இந்தக் குறை நாள் முழுக்க வெளியே தெரிவதில்லை. டிஸ்க்குகளைச் சும்மா இருக்கும்போது தூங்கப்போகும்படி வைத்திருந்தால், அவை ஒன்றாக விழிக்கும் நேரத்தில்தான் தெரியும். உங்கள் டிஸ்க் விழும் நேரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் முதல் ஆள் படம் பார்க்கவோ பேக்கப் தொடங்கவோ செய்யும் நேரத்தோடு ஒத்துப்போனால் எனக்கு இந்தச் சந்தேகம் வலுக்கும்.

ஸ்பிளிட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல முனையின் உள்ளே பிளாஸ்டிக் ஒரே நிறத்தில் இருக்கும், பின்கள் பளிச்சென்று நேராக நிற்கும். கெட்டுப்போனதில் 12 வோல்ட் பின்களைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பேறியிருக்கும், விரலால் தடவினால் அந்த விளிம்பு சற்று உருகி மழமழவென்று இருப்பது தெரியும், மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை வரும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அதைத் திரும்பப் பொருத்தாதீர்கள். டிஸ்க் விழுவதைவிடப் பெரிய பிரச்சினை அது, தீப்பிடிக்கக்கூடியது. குறிப்பாக, பழைய நான்கு பின் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களில், முனையோடு கம்பியைச் சேர்த்து வார்த்த வகை மோசமானது. கம்பிகள் வார்ப்புக்குள் விலகி ஒன்றையொன்று தொட வாய்ப்பு உண்டு. முனையின் பின்புறம் கம்பி தனித்தனியாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும் வகையை வாங்குங்கள்.

பவரைக் கண்டுபிடிக்க ஸ்மார்ட்டிலேயே ஓர் எளிய வழியும் இருக்கிறது. 12 என்ற எண் டிஸ்க்குக்கு எத்தனை முறை பவர் வந்தது என்பதையும், 4 என்ற எண் மோட்டார் எத்தனை முறை சுழலத் தொடங்கியது என்பதையும், 192 எத்தனை முறை திடீரென்று பவர் போய்த் தலை ஒதுங்கியது என்பதையும் சொல்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில் இவை இருக்கும். இன்று நான்கு டிஸ்க்குக்கும் இவற்றைக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டிஸ்க் விழுந்தவுடன், சர்வரை அணைப்பதற்கு முன்பே, திரும்பப் பாருங்கள். நீங்கள் சர்வரை அணைக்கவே இல்லை, மற்ற மூன்றிலும் 12 மாறவில்லை, மூன்றாவதில் மட்டும் கூடியிருக்கிறது என்றால், அந்த ஒரு டிஸ்க்குக்கு நடுவில் பவர் துண்டிக்கப்பட்டிருக்கிறது. வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. நான்கிலும் ஒன்றாகக் கூடியிருந்தால் பவர் சப்ளையையோ, நீங்கள் குறிப்பிட்ட இன்வெர்ட்டரையோ பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் மின்வெட்டின்போது மாறிக்கொள்ள எடுக்கும் நேரம் விளக்குக்கும் விசிறிக்கும் பரவாயில்லை, சர்வருக்கு அது நீளம். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் என்று ஒரு நிலை இருக்கும். அதில் வையுங்கள், அல்லது சர்வருக்கென்று ஒரு சிறிய யுபிஎஸ் போடுங்கள்.

கேபிளும் பவரும் சுத்தம், டிஸ்க்கும் சோதனையில் தேறுகிறது, ஆனாலும் விழுகிறது என்றால் இரண்டு காரணங்கள் மிச்சம். ஒன்று, டெஸ்க்டாப் டிஸ்க்கின் பிடிவாதம். படிக்க வராத ஓர் இடத்தைக் கண்டால் அது ஒரு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் கெர்னல் 30 நொடிக்கு மேல் காத்திருக்காது. டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று ரீசெட் செய்யும், திரும்ப எழுதும் முயற்சியும் அதில் மாட்டித் தோற்கும், நல்ல டிஸ்க்கும் வெளியே போகும். சர்வருக்கென்று விற்கும் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும், மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும். உங்கள் டிஸ்க்கில் இந்த நேர வரம்பை அமைக்க முடிகிறதா என்று ஸ்மார்ட் கருவியிலேயே கேட்டுப் பார்க்கலாம். முடிந்தால் 7 நொடி வையுங்கள். பல டிஸ்க்குகள் பவர் போனால் இதை மறந்துவிடும், அதனால் ஒவ்வொரு பூட்டிலும் வைக்க வேண்டும். முடியாவிட்டால் கெர்னலின் காத்திருப்பை 180 நொடியாக உயர்த்துங்கள்.

மற்றொன்று எஸ்எம்ஆர். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி எழுதி, அதே தகட்டில் அதிகம் அடக்கும் முறை இது. விட்டுவிட்டு எழுதினால் சமாளிக்கும். மணிக்கணக்காகச் சிதறலாக எழுதச் சொன்னால் உள்ளே ஒழுங்குபடுத்த நேரமில்லாமல் திணறிப் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான மாடல்கள் சில எஸ்எம்ஆர் என்பது வெளியில் தெரிந்து பெரிய சர்ச்சையானது, அதன் பிறகு அந்நிறுவனம், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பிரித்தது. வாரன்டியில் வந்த டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் தயாரிப்பாளரின் பட்டியலில் எந்த வகை என்று தேடுங்கள். ஆனால் உங்களுக்கு ரீபில்ட் ஒழுங்காக முடிகிறது என்பதால் இதை நான் பின்வரிசையிலேயே வைக்கிறேன்.

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சூட்டுக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவு நெருக்கமான தொடர்பு தெரியவில்லை. 45 டிகிரிக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். அந்த ஆய்வில் உங்களுக்குப் பயன்படுவது வேறு இரண்டு. தன் தகட்டைத் தானே சோதிக்கும்போது ஸ்கேன் பிழை ஒன்று முதன்முதலாக வந்த டிஸ்க், அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு, பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு. அதே சமயம், பழுதான டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கு மேல், சூட்டைத் தவிர எந்த ஸ்மார்ட் எண்ணிலும் அறிகுறி காட்டாமலே போயின. எனவே 197 ஏறினால் டிஸ்க்கை மாற்றுங்கள், தயங்க வேண்டாம். எல்லாம் பூஜ்யமாக இருப்பதை வைத்து மட்டும் டிஸ்க் நல்லது என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. இரண்டு டிஸ்க்கும் தற்செயலாகக் கெட்டவையாக இருக்கவும் இடமுண்டு. வாரன்டியில் பல சமயம் சீர்செய்த டிஸ்க்கைத்தான் தருவார்கள், கூரியரில் அடிபட்டு வந்திருக்கவும் கூடும். மேலே சொன்ன இடமாற்றச் சோதனையின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

உங்கள் விவரத்தை வைத்து நான் பந்தயம் கட்டுவதென்றால் பவர் ஸ்பிளிட்டரில் கட்டுவேன், அடுத்ததாக டேட்டா கேபிளில். இது ஊகம்தான், 4, 5, 12, 192, 197, 198, 199 ஆகிய ஏழு எண்களும், லாகில் டிஸ்க் விழுவதற்கு முந்தைய வரிகளும் கையில் இல்லாமல் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. அவற்றை நான்கு டிஸ்க்குக்கும் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். வாரன்டியில் மாறி வந்த டிஸ்க்கை அதுவரை திரும்ப வாரன்டிக்கு அனுப்ப வேண்டாம். பிறகு அனுப்புவதாகவே முடிவானாலும், முழுவதும் அழித்துவிட்டு அனுப்புங்கள். ரெய்டு 5-இல் ஒரே ஒரு டிஸ்க்கை வைத்து யாரும் எதையும் படிக்க முடியாது என்று நினைப்பார்கள், அது சரியல்ல. தரவைப் பிரிக்கும் துண்டின் அளவு சாதாரணமாக 512 கேபி. ஆதார் நகல், வங்கி அறிக்கை போன்ற சிறிய கோப்புகள் ஒரே டிஸ்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.